பொறி போகும் பாதை: ஒரு பிளக் வயரின் வாழ்க்கை

செவ்ரொலே சி-10 பிக்அப்பின் 1974 மாடலும் 1975 மாடலும் அருகருகே நின்றால், முன்பக்கக் கிரில்லைத் தவிர வேறு வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது. அமெரிக்காவில் ‘ஸ்கொயர் பாடி’ என்று செல்லமாகச் சொல்லப்படும் அந்தச் சதுர உடம்பு 1973இல் வந்து 1987 வரை ஓடியது. இரண்டிலும் கிடைத்த 350 கன அங்குல வி-8 இன்ஜினும் ஒன்றுதான். பானட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 1974 வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒன்பது வயர்கள் செருகியிருக்கும்: பிளக்குகளுக்கு எட்டு, தனியாக நிற்கும் காயிலிலிருந்து மூடியின் நடுவுக்கு ஒன்று. 1975 வண்டியில் எட்டுதான். காயில், மூடியின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. முந்தையதில் வயரின் நுனி மூடியின் குழிக்குள் இறங்கும். பிந்தையதில் மூடியில் துருத்திக்கொண்டு நிற்கும் முளையின் மேல் வயரின் நுனி கவிந்து பிடிக்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது.

பழைய பிக்அப்புக்குப் புது பிளக் வயர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூடியைத்தான். பதிவுப் பத்திரத்தில் இருக்கும் வருடத்தை நம்பிக் கடைக்குப் போகக் கூடாது. நாற்பது ஐம்பது வருடங்களில் எத்தனையோ வண்டிகளில் பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினே மாறிப்போன வண்டிகளும் ஏராளம். பத்திரம் 1972 என்று சொல்லும், உள்ளே இருப்பது 1978ஆக இருக்கும்.

ஒரே வருட இடைவெளியில் ஒரு வயர் ஏன் இப்படி உருமாறியது? பிளக் வயர் தனக்காக என்றைக்கும் மாறியதில்லை. வானொலிக்காக ஒருமுறை மாறியது, தொலைக்காட்சிக்காக மாறியது, ஊர்க் காற்று கெடக் கூடாது என்பதற்காகவும் மாறியது. அந்தக் கதை தெரிந்தவருக்கு, கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் பத்து வகை வயர்களில் தன் வண்டிக்கு உரியது எது என்பது தானாகவே விளங்கிவிடும்.

வேலை என்ன?

பேட்டரி தருவது 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே பொறியைத் தாண்டவைக்க முடியாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலந்த காற்று அழுத்தப்பட்டு நெருக்கமாக இருக்கும். நெருக்கம் கூடக் கூட, பொறி தாண்டுவதற்கு வேண்டிய வோல்ட்டும் கூடும். காயில் அந்த 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கில் பெருக்கிக் கொடுக்கிறது. பாயின்ட் வைத்த பழைய இன்ஜின்களில் அது 20,000 வோல்ட் அளவில் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் 30,000ஐத் தாண்டியது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் அதை வாங்கி, எந்த சிலிண்டரின் முறை வந்திருக்கிறதோ அந்த வயருக்குக் கைமாற்றுகிறது.

வி-8 இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு வயரும் நிமிடத்துக்கு 1,500 முறை இந்த வோல்ட்டேஜைச் சுமந்து போகிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் 90,000 முறை. இத்தனையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெக்கைக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கிலும் தூசியிலும் மழை ஈரத்திலும் நடக்கிறது. மின்சாரத்தைச் சுமப்பது வயரின் பாதி வேலைதான். அந்த மின்சாரம் வழியில் எங்கேயும் இறங்கி ஓடிவிடாமல் காப்பது மீதிப் பாதி. அதில்தான் கஷ்டம்.

பிறப்பு

வயரின் பூர்வீகம் மோட்டார் வண்டியை விட மூத்தது. பாரிஸில் 1860இல் எட்டியன் லெனுவார் செய்த எரிவாயு இன்ஜினிலேயே மின்பொறிதான் தீ மூட்டியது. அந்தப் பொறியைக் கொடுத்தது ரும்கார்ஃப் காயில் எனப்படும் தூண்டல் சுருள். ராபர்ட் பாஷின் ஜெர்மானிய நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் 1902இல் உயர் வோல்ட்டேஜ் மேக்னெட்டோவை உருவாக்கிய பிறகு, பொறி பிறக்கும் இடத்துக்கும் பொறி தாண்டும் பிளக்குக்கும் நடுவே நல்ல உறை போட்ட ஒரு வயர் கட்டாயமாகிவிட்டது. ஓஹையோ மாநிலம் டேட்டனில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த இக்னிஷன் அமைப்பு 1910ஆம் ஆண்டு காடிலாக்கில் வந்தது. பேட்டரி, பாயின்ட், ஒரே காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்குக்கு ஒரு வயர் என்ற அந்த ஏற்பாடுதான் அறுபது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க ஓடியது.

பிக்அப்புக்கு வருவோம். 1925இல் ஃபோர்டு, மாடல் டி வண்டியில் பின்னால் சரக்குத் தொட்டி வைத்துத் தொழிற்சாலையிலேயே கட்டி 281 டாலருக்கு விற்றது. அதில் ஒற்றைக் காயில் கிடையாது. நான்கு சிலிண்டருக்கு நான்கு காயில்கள் ஒரு பெட்டிக்குள் வரிசையாக இருந்து ஒலியெழுப்பி அதிரும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் தன் பிளக்குக்குப் போகும். சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற இந்த அமைப்பின் சாயலுக்கே எழுபது வருடம் கழித்து வண்டி உலகம் திரும்ப வந்தது.

அந்தக் காலத்து வயரின் உள்ளே இருந்தது செம்புக் கம்பி இழைகள். மேலே ரப்பர், அதன்மேல் பருத்தி நூல் பின்னல், அதற்கும் மேல் பளபளக்கும் அரக்குப் பூச்சு. இத்தனை உறை போட்டும் ஆயுசு குறைவுதான். உயர் வோல்ட்டேஜ் ஓடும் வயரைச் சுற்றியுள்ள காற்றில் ஓசோன் உண்டாகும். இயற்கை ரப்பருக்கு ஓசோன் ஆகாது. வளைவுகளில் மெல்லிய வெடிப்பு விழும், அதில் ஈரம் இறங்கும், பொறி பிளக்குக்குப் போவதற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் இரும்புக்குத் தாவும். மழை நாளில் வண்டி கிளம்பாமல் அடம் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வானொலி வந்தது, வம்பும் வந்தது

1880களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகள் இருப்பதைச் சோதனையில் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்தியதும் லெனுவாரின் இன்ஜினுக்கு உயிர் கொடுத்த அதே வகைத் தூண்டல் சுருள்தான். இரு உலோக முனைகளுக்கு நடுவே பொறி பறக்கவிட்டார், எட்டத்தில் இருந்த வளையத்தில் சின்னப் பொறி பதில் சொன்னது. பொறி பறந்தால் ரேடியோ அலை கிளம்பும் என்பது அன்றே தெளிவானது. கம்பியில்லாத் தந்தியின் முதல் நிலையங்கள் இந்தப் பொறியை வைத்தே செய்தி அனுப்பின.

பெட்ரோல் இன்ஜினைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காயில் இருக்கிறது, பொறி இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் நீண்ட செம்புக் கம்பி இருக்கிறது. ஒவ்வொரு பிளக் வயரும் ஒரு ஏரியல், ஒவ்வொரு வண்டியும் ஓடும் ஒலிபரப்பு நிலையம். கேட்க ஆளில்லாதவரை யாருக்கும் தொந்தரவில்லை. 1930இல் சிகாகோவில் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்க ஆரம்பித்ததும் தொந்தரவு காதில் விழுந்தது. பாட்டின் நடுவே இன்ஜின் ‘டக டக’வென்று பேசியது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரைச்சலும் சேர்ந்து ஏறியது. ரேடியோ மாட்டுகிறவர்கள் பிளக்கிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் தனித்தனி ரெசிஸ்டர்களைச் செருகி அதை அடக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் இது உயிர் போகும் விஷயமானது. ரேடியோவோடு போகும் ராணுவ வண்டிகளில் இக்னிஷன் இரைச்சலை அடக்கும் பாகங்கள் சேர்க்கப்பட்டன. அப்படி அடக்கப்பட்ட அமெரிக்க ராணுவ வண்டிகளின் பானட்டில் எழுதிய எண்ணோடு ‘எஸ்’ என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும்.

போர் முடிந்து வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. 1950இல் அமெரிக்காவில் பத்தில் ஒரு வீட்டில்கூடத் தொலைக்காட்சி இல்லை. 1960இல் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் இருந்தது. தெருவில் ஒரு வண்டி போனால் வீட்டுக்குள் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடின. கார் ரேடியோ இரைந்தால் வண்டிக்காரருக்கு மட்டும் கஷ்டம். இப்போது தெருவுக்கே கஷ்டம். வண்டி வாங்கியவரை நம்பி இனி விட முடியாது, தொழிற்சாலையிலேயே வயரை மாற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

செம்பு போய்க் கரி வந்தது

தீர்வு விசித்திரமானது. மின்சாரம் நன்றாக ஓடும் செம்பை எடுத்துவிட்டு, அது சிரமப்பட்டு ஓடும் கரியை வைத்தார்கள். நூல் இழைகளில் கார்பனை ஊறவைத்து அதையே வயரின் உயிர்நாடியாக ஆக்கினார்கள். பின்னாளில் அந்த நூல் கண்ணாடி இழையானது. ஒரு அடி நீளத்துக்குச் சில ஆயிரம் ஓம் தடை. ரேடியோ அலையைக் கிளப்பும் வேகமான மின்துடிப்புகள் இந்தத் தடையில் அமுங்கிப் போகும்.

இத்தனை தடை வைத்தால் பொறி பலவீனமாகாதா? கடைக்கு வருகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு, வயர் விற்பவர்கள் பலர் இதை வைத்துத்தான் வியாபாரமே செய்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். பொறி தாண்டும்வரை வயரில் மின்னோட்டம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வோல்ட்டேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடை எதையும் தின்பதில்லை. பொறி தாண்டிய பிறகு ஓடும் மின்னோட்டமும் ஆம்பியரில் நூறில் சில பங்குதான். 10,000 ஓம் வயரில் 0.03 ஆம்பியர் ஓடினால் குறைவது 300 வோல்ட். இருபது முப்பதாயிரம் வோல்ட் தரவல்ல காயிலுக்கு இது பெரிய சுமை அல்ல. நல்ல நிலையில் இருக்கும் கரி வயரை எடுத்துவிட்டு விலை உயர்ந்த வயரைப் போட்டதால் மட்டும் சாதாரண பிக்அப்பின் இழுவை கூடிவிடாது.

செவ்ரொலே வண்டிகளுக்கு இந்த வயரைச் செய்தது ஓஹையோவின் வாரன் நகரில் இருந்த பேக்கார்டு எலெக்ட்ரிக். 1890இல் பேக்கார்டு சகோதரர்கள் தொடங்கி, 1932இல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்கு வந்த நிறுவனம் அது. அக்கால வயரின் கறுப்பு உறைமேல் ‘டிவிஆர்எஸ்’ என்று அச்சிட்டிருக்கும். தொலைக்காட்சி, வானொலி இரைச்சலை அடக்குவது என்பதன் சுருக்கம். பக்கத்திலேயே எந்த வருடத்தின் எந்தக் காலாண்டில் தயாரானது என்ற குறிப்பும் இருக்கும். வண்டியை இம்மி பிசகாமல் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள், வண்டி பிறந்த தேதிக்குப் பொருந்தும் காலாண்டு அச்சிட்ட மறுபதிப்பு வயர்களைத் தேடி வாங்குகிறார்கள். கண்காட்சிக்குப் போகும் வண்டிக்கு அது சரியான வயர். தினமும் மரம் ஏற்றப் போகும் வண்டிக்கு அந்தச் செலவு வேண்டாம்.

காற்றுக்காகப் பருத்தது

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970இல் கடுமையாக்கப்பட்டது. பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டிய மெலிந்த கலவையை எரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. மெலிந்த கலவை எளிதில் தீப்பற்றாது. நீளமான, பலமான பொறி வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பாயின்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ‘ஹெச்இஐ’ என்ற உயர் ஆற்றல் எலெக்ட்ரானிக் இக்னிஷனை 1975 மாடல்களில் எங்கும் கொண்டுவந்தது. பாயின்ட் காலத்தில் சுமார் 0.9 மில்லிமீட்டராக இருந்த பிளக் இடைவெளி, ஹெச்இஐ வந்த புதிதில் 1.5 மில்லிமீட்டர்வரை போனது. பிறகு பல இன்ஜின்களில் 1.1 மில்லிமீட்டருக்கு இறங்கியது.

இடைவெளி கூடினால் வோல்ட்டேஜ் கூடும், கூடிய வோல்ட்டேஜ் தப்பித்து ஓட வழி தேடும். மூடிக்குள் முனைக்கு முனை தாவாதிருக்க மூடி பெரிதானது. உறையைத் துளைக்காதிருக்க வயர் 7 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டராகப் பருத்தது. வெக்கையைத் தாங்க உறை சிலிகானுக்கு மாறியது. தொடக்கத்தில் பார்த்த இரண்டு சி-10 வண்டிகளுக்கும் நடுவே நடந்தது இதுதான்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 7, 8, 8.5, 10 மில்லிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் வெளி உறையின் பருமன். உள்ளே மின்சாரம் ஓடும் இழை எவ்வளவு பருமன் என்பதை அது சொல்லாது. பருமன் கூடினால் கசிவுக்கு எதிரான காப்பு கூடலாம், அவ்வளவுதான். 10 மில்லிமீட்டர் வயரை வாங்கி வந்தால், தொழிற்சாலை கொடுத்த பிளாஸ்டிக் பிடிப்பான்களில் அது உட்காராது. பிடிப்பானைக் கழற்றி எறிந்துவிட்டு வயரைத் தொங்கவிட்டால், அது மேனிஃபோல்டில் சாய்ந்து வெந்து போகும். பருத்த வயர் மெலிந்ததை விடச் சீக்கிரம் சாகிற கதை இப்படித்தான் நடக்கிறது.

பழையது எப்படிச் சாகிறது?

கரி வயரின் பெரிய எதிரி கை. சூடான இன்ஜினில் பிளக்கோடு ஒட்டிப்போன ரப்பர் தொப்பியை விட்டுவிட்டு வயரைப் பிடித்து இழுத்தால், உள்ளே கரி ஊறிய இழை அறுந்துவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. அறுந்த இடத்தில் பொறி குட்டியாகத் தாண்டித் தாண்டிக் கரியைத் தின்று, இடைவெளியை நாளுக்கு நாள் பெரிதாக்கும். காலியாக ஓடும்போது வண்டி சரியாகத்தான் இருக்கும். சுமை ஏற்றி மேட்டில் மிதித்தால் மிஸ்ஸிங் அடிக்கும். அழுத்தம் கூடும்போதுதான் வோல்ட்டேஜ் அதிகம் தேவைப்படும், பலவீனமான வயர் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

கழற்றும் முறை இது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். தொப்பியை முழுக் கையால் பிடித்து, பிளக்கின் மேலேயே அரைச் சுற்று இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். ஒட்டு விடுபடும்போது சின்னதாக ஒரு ‘பொத்’ சத்தம் கேட்கும்; அதன் பிறகு நேராக இழுத்தால் வந்துவிடும். கழற்றிய வயரை வெளிச்சத்தில் விரலால் மடக்கிப் பார்த்தால், கெட்டுப்போன உறையில் மயிரிழை வெடிப்புகள் வாய் பிளக்கும். தொப்பியின் உட்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியதுபோல ஒரு கரிக்கோடு நுனியிலிருந்து விளிம்புவரை ஓடியிருந்தால், பொறி பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலாக வழுக்கி இரும்புக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். மூடிப் பக்க நுனியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகம் தீரும். கரி வயருக்கு அடிக்கு 3,000 முதல் 12,000 ஓம் வரை ஏற்றுக்கொள்வது பட்டறை வழக்கம். அளக்கும்போதே வயரை மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எண் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. டொயோட்டா பிக்அப் வைத்திருப்பவருக்குக் கணக்கு இன்னும் எளிது. அதன் 22ஆர் வகை இன்ஜின்களுக்குத் தொழிற்சாலை கையேடு வயருக்கு 25,000 ஓம் என்று உச்ச வரம்பே கொடுத்திருக்கிறது. மீட்டர் சொல்லாத கசிவை இருட்டு சொல்லும். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினின் வயர்கள்மேல் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தால், கசிகிற இடத்தில் நீல ஒளி துடிக்கும். அந்த நேரத்தில் கையை மட்டும் உள்ளே விடக் கூடாது.

ஒரு வயர் போனால் ஒன்றை மட்டும் மாற்றலாமா என்றால், வேண்டாம். எட்டும் ஒரே வெக்கையில் ஒரே காலம் கிடந்தவை. ஒன்று விழுந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன. மூடியையும் ரோட்டாரையும் அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது.

தேர்ந்தெடுப்பது

மூடி எந்த வகை என்று பார்த்தாகிவிட்டது. அடுத்தது உள்ளிழை. கடையில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது முழு உலோகக் கம்பி. ரேடியோ இல்லாத, பாயின்ட் வைத்த மிகப் பழைய இன்ஜினுக்கும் மேக்னெட்டோவுக்கும் அது பொருந்தும். எலெக்ட்ரானிக் இக்னிஷனோ கணினியோ உள்ள வண்டியில் அதைப் போடக் கூடாது. ரேடியோவில் கேட்கும் அதே இரைச்சல் கணினியின் சமிக்ஞைகளிலும் புகுந்து குழப்பும். 1987ஐ ஒட்டி வந்த எரிபொருள் ஊசி வைத்த பிக்அப்புகளுக்கு இது கண்டிப்பான விதி.

இரண்டாவது கரி இழை. தொழிற்சாலை கொடுத்ததும் இதுவே. விலை குறைவு, எந்தச் சண்டையும் இல்லை. இழுத்துக் கழற்றாமல் இருந்தால் பல வருடம் உழைக்கும்.

மூன்றாவது சுருள் இழை. முடி போன்ற உலோகக் கம்பியை ஒரு மைய இழைமேல் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். தடை அடிக்கு ஐம்பது ஓமிலிருந்து சில நூறு ஓம்வரைதான். இரைச்சலை அடக்குவது தடையால் அல்ல, அந்தச் சுருளின் தூண்டலால். கரியைப் போல எரிந்து தேயாது, இழுப்பையும் ஓரளவு தாங்கும். நீண்ட காலம் வைத்து ஓட்டப் போகும் வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்க இதுதான் நியாயமான காரணம். குதிரைத்திறன் கூடும் என்ற விளம்பரம் அல்ல. பிளக்கும் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும். ஏசி டெல்கோ பிளக்குகளில் எண்ணுக்கு முன்னால் வரும் ‘ஆர்’ அதைத்தான் குறிக்கிறது.

பிறகு உறை. சிலிகான் 200 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாங்கும். பழைய செயற்கை ரப்பர் அந்த அளவு தாங்காது. ஆனால் சிலிகான் மிருது. கூரான தகரம் உரசினால் கிழிந்துவிடும். அதனால் பிடிப்பான்கள் இன்னும் முக்கியமாகின்றன.

பலரும் மறந்துவிடுவது தொப்பியின் கோணம். நேராக, 45, 90, 135 டிகிரி என்று பல உண்டு. தொழிற்சாலை மேனிஃபோல்டுக்குப் பொருந்தும் தொப்பி, குழாய் குழாயாக இறங்கும் ஹெடர் மாட்டிய வண்டியில் குழாயை முட்டி உருகும். ஹெடர் உள்ளவர்கள் தொப்பிமேல் போடும் வெப்பத் தடுப்பு உறைகளையும் சேர்த்து வாங்க வேண்டும். நீளமும் அப்படித்தான்: குறைந்தால் எட்டாது, கூடினால் சுருண்டு எதன்மேலாவது விழும். வண்டி தொழிற்சாலை நிலையில் இருந்தால், அந்த இன்ஜினுக்கென்றே வெட்டி நுனி பூட்டிய செட்டை வாங்கலாம். மாற்றங்கள் செய்த வண்டியானால், நாமே அளந்து வெட்டும் செட் நல்லது. அதற்கு நுனியை நெரித்துப் பூட்டும் சரியான கருவி வேண்டும். சாதாரணக் குறடால் நெரித்த நுனி சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

மாட்டும்போது ஐந்தும் ஏழும்

ஒன்றைக் கழற்றி, அதே நீளத்தில் புதியதைத் தேடி, அதே பாதையில் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதே பாதுகாப்பு. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால், எந்த சிலிண்டருக்கு அடுத்து எதில் பொறி என்ற சுடும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். செவ்ரொலே ஸ்மால் பிளாக் வி-8க்கு அது 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டருக்கு 1-5-3-6-2-4. டொயோட்டா 22ஆருக்கு 1-3-4-2.

செவ்ரொலே வரிசையில் ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். இன்ஜினிலும் அவை ஒரே பக்கத்தில், ஓட்டுநர் பக்கக் கடைசியில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டு வயரையும் ஒட்டிக் கட்டி ஒரே பாதையில் அழகாகக் கொண்டுபோனால், ஐந்தாவது வயரில் பாயும் துடிப்பு ஏழாவதில் தூண்டலால் இன்னொரு துடிப்பைக் கிளப்பும். அந்த நேரத்தில் ஏழாவது சிலிண்டர் தன் முறைக்கு 90 டிகிரி முன்னால், கலவையை அழுத்தத் தொடங்கிய நிலையில் இருக்கிறது. அழுத்தம் இன்னும் ஏறாததால் சிறிய வோல்ட்டேஜே பொறி தாண்டப் போதும். மேலே வரும் பிஸ்டனை எதிர்த்து நெருப்பு பற்றினால் இன்ஜின் அடிக்கும், தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே உடையும். இந்த இரண்டையும் தள்ளித் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் குறுக்கிட வேண்டும். எந்த விலை வயர் போட்டாலும் இந்த விதி மாறாது. பார்வைக்கு அழகாக எட்டையும் ஒரே கட்டாகக் கட்டுவது இந்த இன்ஜினுக்குச் செய்யும் தீங்கு.

தொப்பிக்குள் ஒரு பொட்டு சிலிகான் கிரீஸைத் தடவினால் ஈரமும் புகாது, அடுத்த முறை கழற்றும்போது ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. நுனி பிளக்கில் ‘கிளிக்’ என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். இன்ஜின் அறையின் பின்பக்கத் தடுப்புச் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கும் ஏழு, எட்டு எண்களில் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் கையை எடுக்கக் கூடாது.

சுருங்கிய வயர், மிச்சமிருக்கும் வண்டிகள்

1990களின் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் பிக்அப்புகளை விட்டு விடைபெறத் தொடங்கியது. 1999 மாடலாக வந்த செவ்ரொலே சில்வராடோவின் வி-8களில் எட்டு காயில்கள் வால்வு மூடியின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தன; பிளக் வயர் ஒரு சாணுக்குச் சற்று மேல் என்று சுருங்கியது. ஃபோர்டின் 5.4 லிட்டர் டிரைட்டனில் காயில் பிளக்கின் தலையிலேயே ஏறிவிட்டது, அங்கே வயரே இல்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் என்று மாடல் டி கண்ட யோசனை, கணினியின் துணையோடு திரும்பி வந்திருக்கிறது.

ஆனாலும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பிக்அப்புகள் பண்ணைகளிலும் மர மண்டிகளிலும் இன்றும் வேலை செய்கின்றன. அவை ஓடக் காரணம், அவற்றின் பழுதை ஒரு மீட்டரும் ஒரு ஜோடிக் கையும் கொண்டே கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிகிறது என்பதுதான். அந்த வசதியை வீணாக்கக் கூடாது. வேலைக்குப் போகும் சாதாரண வண்டிக்கு என் பரிந்துரை இதுவே: ஹெச்இஐ மூடியானால் 8 மில்லிமீட்டர் சிலிகான் உறை, பாயின்ட் மூடியானால் 7 அல்லது 8 மில்லிமீட்டர், உள்ளே கரி இழை அல்லது சுருள் இழை, இன்ஜினுக்கென்று வெட்டிய நீளம், மேனிஃபோல்டுக்குப் பொருந்தும் தொப்பி. பருத்த வயருக்குக் கொடுக்க நினைத்த பணம் மிச்சமாகும். அதில் உடைந்த பிடிப்பான்களை வாங்குங்கள். இன்ஜின் அறையில் வயரின் ஆயுசைத் தீர்மானிப்பது அது கிடக்கும் இடம்.